தலையில் அடிபட்ட பிறகு இரவு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேள்வி: பிப்ரவரி 3, மாலை 6:20

ஆறு நாளுக்கு முன்னால் பந்து விளையாடும்போது இன்னொருவன் தலையும் என் தலையும் மோதிக்கொண்டன. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மூளையதிர்ச்சிதான், ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார்கள். பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவு படுத்தால் மண்டை கனக்கிறது, காதில் இரைச்சல், 2 மணிக்கு விழித்தால் விடியும்வரை தூக்கம் இல்லை. தலையில் அடிபட்டவன் தொடர்ந்து தூங்கக் கூடாது என்று வீட்டில் இன்னும் நடுநடுவே எழுப்புகிறார்கள். வயது 23. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 7:45

முதலில் எழுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஆறாவது இரவில் எழுப்புவதால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். உங்கள் டாக்டரே எழுப்பச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், அவரிடம் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்புவார். ஸ்கேன் இல்லாத காலத்தில் தூங்குகிறாரா, மயங்கிவிட்டாரா என்று எழுப்பித்தான் பார்க்க முடியும். அந்தப் பயம் நியாயமானது. அதற்குரிய நேரம் முதல் ஒன்றிரண்டு நாள்.

எனக்கு இது ஐந்தாவது வாரம். ஈரத் தரையில் வழுக்கிப் பின்மண்டை சுவரில் இடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, மகள் இதை எழுதுகிறாள். முதல் இரவு மட்டும் என் கணவர் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பினார், எங்களை அனுப்பும்போது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டு ஒரு தாளில் குறித்துவைத்தார். 11:00 சரி. 1:00 சரி. 3:00 சரி, அழுகிறாள். 5:00 சரி. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு 8:05

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். தலைவலி நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், கை கால் ஒரு பக்கம் மரத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழவில்லை என்றால், ஆள் குழம்பிக்கொண்டே போனால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எத்தனையாவது நாளாக இருந்தாலும் சரி.

பிப்ரவரி 4, காலை 11:00

இரவு மட்டும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு டாக்டர் சொன்னதையும் நானே கவனித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மூளையதிர்ச்சியில் பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை, அதனால்தான் ஸ்கேன் சுத்தமாக வருகிறது. மூளை செல்களின் உள்ளே பொட்டாசியமும் கால்சியமும் இருக்க வேண்டிய கணக்கு குலைந்துபோகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு எக்கச்சக்கமான சக்தி தேவை, அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். கிறிஸ் கிஸா, டேவிட் ஹோவ்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் இதை விரிவாக எழுதினார்கள். தேவை ஏறிவிட்டது, வரவு இறங்கிவிட்டது. சம்பளம் பாதியான மாதத்தில் செலவு இரட்டிப்பான வீடு மாதிரி. காலையில் கையில் கொஞ்சம் இருக்கும். மாலைக்குள் தீர்ந்துவிடும்.

இது ஒரு காரணம். பகலில் நாலு சத்தம், நாலு பேர் பேச்சு இருப்பதால் காது இரைச்சல் அமுங்கிக் கிடக்கும், வீடு அடங்கியதும் அது மட்டும்தான் கேட்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது, தூக்கத்தின் கடிகாரமே அடிபட்ட பிறகு தடுமாறுகிறது. எனக்கு முதல் வாரம் எந்நேரமும் தூக்கம்தான், சாப்பிடும்போதே கண் செருகும். இரண்டாவது வாரம் முழுக்க நேர்மாறு. பலருக்கு இப்படித்தான் மாறும் என்றார் டாக்டர்.

நாலாவது, எனக்கு மிகவும் கஷ்டமானது: புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது. மூளை இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். அதனால் இரண்டு தலையணை வைத்து, நிமிர்ந்து, அசையாமல் படுக்கிறேன். சின்ன வயதிலிருந்து இடது பக்கம்தான் படுப்பேன். ஐந்து வாரமாக முடியவில்லை.

(பிப்ரவரி 20-ல் சேர்த்தது: மேலே நாலாவதாகச் சொன்னது தவறு. கீழே பாருங்கள்.)

பிப்ரவரி 4, மாலை 4:30

காது இரைச்சலுக்கு ஒரு வார்த்தை. முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள். மெதுவான ஒரே மாதிரி சத்தம் ஏதாவது ஓடட்டும், மின்விசிறிச் சத்தம் போதும். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலே காதுக்கு வேறு பிடிப்பு கிடைத்துவிடுகிறது. இயர்போன் வேண்டாம், எனக்கு அது பொட்டில் அழுத்தி வலி வந்தது.

பிப்ரவரி 6, காலை 10:40

இருட்டறையில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு.

நான் 12 நாள் இருந்தேன். எல்லா ஜன்னலும் மூடி, திரை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நானும் மூளைக்கு முழு ஓய்வு கொடுப்பதாக நம்பினேன். பதிமூன்றாவது நாள் திரையை விலக்கியபோது சாதாரணக் காலை வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியது. விழுந்த அன்றுகூட அவ்வளவு கூசவில்லை. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சக் கூச்சம் இன்னும் கூடும் என்று பிறகுதான் தெரிந்தது. பகலும் இரவும் ஒன்றாகிவிட்டதால் உடம்புக்கு எப்போது தூங்குவது என்றே தெரியாமல் போயிற்று. இரவு 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பன்னிரண்டு நாள்தான் என்று இன்று நினைக்கிறேன்.

2015-ல் அமெரிக்காவில் 11 முதல் 22 வயது வரை உள்ளவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு, இன்னொரு பிரிவினருக்கு வழக்கம்போல 1 அல்லது 2 நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியாக நடமாட்டம். ஐந்து நாள் படுத்தவர்கள்தான் அதிகத் தொந்தரவு சொன்னார்கள், அவர்களுக்குத்தான் சரியாகவும் தாமதமானது. இப்போது சொல்வது இதுதான்: முதல் 24 முதல் 48 மணி நேரம் அடங்கி இருங்கள், அதிலும் முழுக்கப் படுத்தே கிடக்க வேண்டாம். பிறகு தொந்தரவு லேசாகக் கூடினால் பரவாயில்லை, நன்றாகக் கூடினால் நிறுத்து என்ற அளவில் நடமாடுங்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்ச்சி நிபுணர்களும் இதையே வலியுறுத்தினார்கள்.

ஆறாவது நாள் என்றீர்களே தம்பி. நாளைக் காலையே வெளியில் வந்து பத்து நிமிடம் நடங்கள். தொப்பி போட்டுக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

பிப்ரவரி 6, மதியம் 12:15

போன் பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி. முதல் இரண்டு நாள் தொடவே கூடாது. இதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது, 2021-ல் வந்தது. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள். முதல் 48 மணி நேரம் திரை பார்க்காதவர்களில் பாதிப் பேர் மூன்றரை நாளில் தேறிவிட்டார்கள், பார்த்தவர்களில் பாதிப் பேர் தேற 8 நாள் ஆனது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கலாம். இரவில் வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம்: நீல வெளிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், விரலால் தள்ளத் தள்ள ஓடும் எழுத்தே எனக்குக் குமட்டலைக் கொண்டுவந்தது.

பிப்ரவரி 9, காலை 10:00

மாத்திரை பற்றி.

முதல் ஒன்றிரண்டு நாளில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம் என்பார்கள், ரத்தக் கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடும் என்ற எச்சரிக்கையில். பாரசிட்டமால்தான் கொடுப்பார்கள். அதோடு நின்றிருந்தால் சரி. நான் தினமும் படுக்கப்போகும்முன் ஒன்று, நடுராத்திரி ஒன்று என்று மூன்று வாரம் போட்டேன். வலி குறைந்தால் தூக்கம் வரும் என்று கணக்கு. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அதிலும் பல மாதம் நீடித்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே அதிகம். இதை டாக்டர் சொன்னபோது, அதிகாலை 4 மணிக்குத் தவறாமல் வந்த வலி எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் ஐந்து நாள் வலி கூடியது. ஆறாவது நாளிலிருந்து அந்த 4 மணி வலி இல்லை.

தூக்க மாத்திரை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அடிபட்ட மூளையை அது இன்னும் மந்தமாக்கும், கால் தடுமாறி இன்னொரு முறை விழுந்தால் ஆபத்து. மது கூடவே கூடாது. மெலடோனின் (உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோன், மாத்திரையாகவும் வரும்) பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அறிகுறிகள் நீடித்த 8 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள், 2020-ல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மூளையதிர்ச்சி அறிகுறிகளைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. சிலருக்குத் தூக்கம் பிடிக்க உதவலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிப்ரவரி 9, காலை 10:25

காபியை விட்டுவிட்டேன் பாருங்கள். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். குடித்ததில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். பகல் முழுக்க அசதியாக இருப்பதால் மாலையில் கை தானாக அதை நோக்கிப் போகும், அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, அதிகாலை 3:12

தூக்கம் வரவில்லை. ஏழு வாரம் ஆகப்போகிறது. தூக்கத்தில்தான் மூளை ஆறும் என்கிறார்கள், எனக்குத் தூக்கமே இல்லை, அப்படியென்றால் எதுவும் ஆறாது. இனி இப்படியேதான் போலிருக்கிறது. நேற்று மகள் சொன்ன ஒரு சின்னக் கணக்கைக்கூட என்னால் மனதில் பிடித்துவைக்க முடியவில்லை. யாருக்காவது இப்படியே நின்றுபோனதா?

பிப்ரவரி 15, காலை 10:30

மூன்று மணிக்கு எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும், படிக்கிறவர்களுக்கு அது தெரியட்டும்.

போனையும் கையில் எடுத்துவிட்டேன், மற்றவர்களுக்குச் சொன்னதை நானே மீறி.

"தூங்கினால்தான் ஆறும்" என்ற வார்த்தை எனக்குள் எப்படி வேலை செய்தது என்று இன்று காலை உட்கார்ந்து யோசித்தேன். தூக்கத்தில் மூளையின் கழிவுகள் வேகமாகக் கழுவப்படுகின்றன என்று 2013-ல் மைக்கன் நெடர்கார்ட் குழு எலிகளில் காட்டியது. அதை எங்கோ கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒவ்வொரு இரவும் பரீட்சையாகிவிட்டது. கடிகாரத்தைப் பார்ப்பேன், இன்னும் நாலு மணி நேரம், இன்னும் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடுவேன், நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பில் மண்டை தெறிக்கும், மண்டை தெறிப்பதை வைத்து நிலைமை மோசமாகிறது என்று முடிவு கட்டுவேன். அடிபட்டதால் வந்த விழிப்பு எப்போதோ போயிருக்கும். இப்போது வருவது பயத்தால் வருகிற விழிப்பு.

இன்றே கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன்.

இன்னொன்று. அந்த நேரத்தில் வாழவே வேண்டாம் என்கிற மாதிரி எண்ணம் யாருக்காவது வந்தால், விடியும்வரை தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். தலையில் அடிபட்ட பிறகு மனம் சோர்ந்துபோவதும் இந்த நோயின் ஒரு பகுதி, அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

பிப்ரவரி 17, காலை 11:10

தூக்கமின்மைக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு.

மனநல ஆலோசகர் ஒருவரிடம் இரண்டு வாரமாகப் போகிறேன், தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிக்காக. தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டிய சிகிச்சை என்று மருத்துவ உலகம் இதைத்தான் சொல்கிறது. அதில் ஒரு முக்கிய விதி 1972-லேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொன்னது: படுக்கை தூங்குவதற்கு மட்டும். படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு.

கேட்கச் சுலபம். இரவு 2 மணிக்கு இதமான படுக்கையை விட்டு எழுவது இருக்கிறதே! முதல் மூன்று இரவும் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தேன். விளக்கு போடவில்லை, தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும். நாலாவது இரவு நாற்காலியிலேயே தலை தொங்கியது. எழுந்து போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டேன். படுத்ததும் தூங்கினேன்! எத்தனை நாள் ஆயிற்று.

படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைக்கும் முறையும் இதில் உண்டு. அதை நீங்களாகச் செய்யாதீர்கள், குறிப்பாக வண்டி ஓட்டுகிறவர்கள். ஆலோசகர் கணக்குப் பார்த்துத்தான் சொல்வார்.

பகல் தூக்கம்: முதல் வாரத்தில் வந்தால் தூங்குங்கள், தடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு அரை மணிக்கு மேல் வேண்டாம், 3 மணி தாண்டியும் வேண்டாம்.

பிப்ரவரி 20, மாலை 5:50

பெரிய திருத்தம். இதை நானே தட்டச்சு செய்கிறேன்.

புரண்டால் அறை சுற்றுவது மூளை ஆறாததால் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது மூளையே இல்லை. காது.

இன்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கழுத்து வலிக்காகப் போன பிசியோதெரபிஸ்ட்தான் அனுப்பிவைத்தார். "படுக்கும்போதும் புரளும்போதும் மட்டும் சுற்றுகிறதா, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா?" என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். ஏழு வாரத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் "தலைசுற்றல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டால் சில துகள்கள் பெயர்ந்து, சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போது அவை உருளும், குழாயில் உள்ள நீர் நகரும், தலை சுழல்கிறது என்று காது மூளைக்குப் பொய் சொல்லும். அவ்வளவுதான். பகலில் நிமிர்ந்து இருக்கும்போது பெரும்பாலும் தெரியாது. இரவு படுத்துப் புரளும்போது மொத்தமாகத் தெரியும். இரவில் மட்டும் இருந்த என் தொந்தரவுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சோதனை இப்படி. மேசை மீது காலை நீட்டி உட்காரவைத்து, என் தலையை இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று பின்னால் சாய்த்தார் டாக்டர். தலை மேசையின் விளிம்புக்குக் கீழே தொங்கியது. கண்ணை மூடாதீர்கள் என்றார். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் கூரை கிளம்பியது. அவர் சட்டையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "கண் துடிக்கிறது, பார்த்துவிட்டேன், இப்போது நின்றுவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நின்றது. மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் எழுதிவைத்த சோதனையாம். வலது பக்கம் செய்தபோது ஒன்றுமே இல்லை.

அப்படியே கையோடு சிகிச்சை. தொங்கிய தலையை இடமிருந்து மெதுவாக வலம் திருப்பினார், கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு உடம்போடு சேர்த்து வலது பக்கம் உருட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார், மறுபடி பிடித்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார். ஜான் எப்ளி என்ற காது மருத்துவர் கண்டுபிடித்த முறை, துகள்களை வந்த வழியே பைக்குள் உருட்டிவிடுவது. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெளியே வந்து நடையில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வாரம் இரவெல்லாம் கட்டைபோல நிமிர்ந்து படுத்திருந்தது இதற்காகவா.

பிப்ரவரி 20, இரவு 7:15

உடனே நாலு பேர் வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இருக்காது. அடிபட்ட கழுத்தைப் பரிசோதிக்காமல் அப்படித் தொங்கவிடவும் கூடாது. ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். புரளாமல் நிற்கும்போதும் உட்காரும்போதும் சுற்றுகிறது, பல மணி நேரம் நீடிக்கிறது என்றால் அது வேறு, அதையும் அப்படியே பிரித்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 21, காலை 10:20

இரண்டு தலையணை என்று எழுதியிருந்ததையும் திருத்த வேண்டும். சுற்றுகிறதே என்று தலையை உயர்த்தி வைத்துக்கொண்டேன், கழுத்து முன்னால் மடங்கியே இருந்தது. சுவரில் மோதும்போது கழுத்தும் சேர்ந்துதான் உதறுகிறது, அந்தத் தசைகள் இறுகிக் கிடக்கின்றன. படுத்து இரண்டு மணி நேரத்தில் பிடரியிலிருந்து ஏறி நெற்றிக்கு வந்த வலி பாதி அதனால்தான் என்றார் பிசியோதெரபிஸ்ட். இப்போது ஒரே ஒரு தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம். பக்கவாட்டில் படுத்தால் மூக்கும் நெஞ்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று மகளை நிற்கவைத்துச் சரிபார்த்தார்.

எல்லாத் தொந்தரவையும் "தலையில் அடிபட்டதால்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் சுற்றல் காதுடையது, பிடரி வலி கழுத்துடையது, 4 மணி வலி மாத்திரையுடையது, விழிப்பில் பெரும்பகுதி பயத்துடையது. மூளைக்கென்று மிஞ்சியது கொஞ்சம்தான். டாக்டரிடம் போகும்போது எது, எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தால் கூடுகிறது என்று நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு முதல் வாரமே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

பிப்ரவரி 24, மாலை 4:00

தம்பி, உங்கள் பதிவைப் பார்த்தேன். 27 நாளில் ஆறு மணி நேரத் தூக்கம் வந்துவிட்டது, காது இரைச்சல் இல்லை. மிகவும் சந்தோஷம். பெரியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள் என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை, உங்களைப் பார்த்தபிறகு வந்தது.

ஆனால் நாளைக்கே மைதானத்துக்குப் போகிறேன் என்று எழுதியிருப்பது கூடாது. மெல்ல நடப்பது, பிறகு ஓட்டம், பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி என்று படிப்படியாக ஏறுங்கள், படிக்குப் படி ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். தலை மோதக்கூடிய ஆட்டத்துக்கு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். முழுக்க ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் அது முதல் அடி மாதிரி இருக்காது.

மார்ச் 2, காலை 10:50

அப்பாவுக்கு 71 வயது, மூன்று வாரத்துக்கு முன்னால் விழுந்தார், அப்போது ஸ்கேனில் ஒன்றுமில்லை, இந்த வாரம் பகலிலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று எழுதிய அக்காவுக்கு: இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும் என்று நான் முதல் பதிவில் எழுதியது உங்களைத் தவறாகத் தைரியப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மெதுவான கசிவு வாரக்கணக்கில் சேர்ந்து, பிறகு தெரியலாம். புதிதாக வருகிற மந்தமும் தடுமாற்றமும் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டிய அறிகுறி.

மார்ச் 2, இரவு 8:30

அக்கா பதில் எழுதியிருக்கிறார். மெதுவான கசிவுதான். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்களாம், நாளை அறுவை சிகிச்சை. வேறெதுவும் எழுத ஓடவில்லை.

மார்ச் 9, காலை 9:40

அவர் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

மார்ச் 26, காலை 10:15

பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்காக என் நிலவரம்: மாலையில் இன்னும் அசதி உண்டு. கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மண்டை கனக்கிறது. வேலைக்கு அரை நாள் போகிறேன். தினமும் காலை அரை மணி வேகநடை, தலைவலி எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்கிறேன். நடக்காத நாளின் இரவில் தூக்கம் மோசமாக இருக்கிறது, இதை மூன்று முறை கவனித்துவிட்டேன்.

போன வாரம் ஒருநாள் அதிகாலை புரண்டபோது மறுபடி சுற்றியது. முதல் முறை வந்த மாதிரி பயப்படவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், இருபத்தைந்தில் நின்றது. இடது பக்கம்தான். துகள் திரும்ப விழுவது உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றே போனேன், அதே ஐந்து நிமிடம், திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை முகம் கழுவும்போதுதான் பார்த்தேன். இடது கன்னத்தில் தலையணை மடிப்பு விழுந்து நீளமாக ஒரு கோடு.